பொத்தானோடு பணத்தையும் அனுப்பவும்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருப்பவளுக்குப் பொத்தான் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். மின்கட்டண ரசீதில் அது இருக்கலாம். ஆனால் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் பொத்தான் அக்கா என்றால்தான் கையை மேலே காட்டுவார்கள். நான் அவளுக்கு நேர் கீழ் வீடு. பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் பிழைப்பு. பல்வலிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நினைப்பீர்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொந்தக்கதை சோகக்கதை எல்லாம் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கு மனிதக் குரலே ஆகாது. தலைக்கு மேலே ஒருத்தி அந்தக் குரலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

அக்கா ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கலை, நானும் கேக்கலை" என்று சிரிப்பாள். கம்பெனியை இழுத்து மூடிய அன்று ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒருவர் மின்விசிறி, ஒருவர் சுழல் நாற்காலி. மேனேஜர் ஃபிரிட்ஜையே வண்டியில் ஏற்றிவிட்டார். யாரும் சண்டைக்கு வராத பொருள் பொத்தான் ஒன்றுதான். அக்கா அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

அவளுடைய வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவள் இருக்கிறாள், இன்னொன்றில் பொத்தான்கள் இருக்கின்றன. பொத்தான்களுக்குத்தான் பெரிய அறை. சுவர் நெடுக இரும்பு அலமாரி, அதில் மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள், நிறம் நிறமாக. ஜன்னலைத் திறந்தால் வெயில் ஜாடிகளுக்குள் புகுந்து எதிர்ச்சுவரில் கலர் கலராக விழும். முதன்முதலில் பார்த்தபோது நான் மிட்டாய்க் கடை என்றுதான் நினைத்தேன்.

இதை ஆன்லைனில் விற்கலாம் என்று யோசனை சொன்னவள் அக்காவின் தங்கை மகள். வங்கியில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி. ஒரு விடுமுறை நாளில் வந்து ஜாடிகளைப் படமெடுத்து, கடைப்பக்கம் ஒன்றைத் திறந்து, வங்கிக் கணக்கையும் அதில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய கோட்டில் ஒரு பொத்தான் தொலைந்துவிட்டால் கோட்டையே போட முடியாது என்று தவிக்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வியாபாரம் சூடு பிடித்தது. ஒவ்வொரு விற்பனைக்கும் அக்காவின் போன் ஒரு தடவை டிங் என்னும். அவள் எடுத்துப் பார்ப்பாள், கீழே வைப்பாள். அவ்வளவுதான்.

பிறகு யாரோ ஒரு வாடிக்கையாளர், போனில் பணம் அனுப்பத் தெரியாதவர், கோட்டில் மிச்சமிருந்த பொத்தான் ஒன்றை மாதிரிக்காக ரூபாய் நோட்டில் மடித்துக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டிகள் தரைத்தளத்தில் இருக்கின்றன. வாய் குறுகலானவை. கவரில் பொத்தான் புடைத்துக்கொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து மணியை அடித்தார். மணி அடிப்பது தன் வீட்டில்தான் என்று அக்காவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்றாம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்து குடித்தார். முட்டிவலியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். போய்விட்டார்.

கொஞ்ச நாளில் கடைப்பக்கத்தில் வாசகம் மாறிவிட்டது: "மாதிரிப் பொத்தானோடு பணத்தையும் ஒரே கவரில் வைத்துத் தபாலில் அனுப்பவும். வேறு வழியில் பணம் ஏற்கப்படாது."

பொத்தானைப் படமெடுத்து அனுப்பினாலே அக்காவுக்குப் போதும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் படம் மாடி ஏறி வராதே.

தங்கை மகளுக்கு விஷயம் தெரிந்ததும் போனிலேயே குதித்தாளாம்.

"பெரியம்மா, காசைக் கவர்ல போட்டு அனுப்பச் சொல்றீங்களா? யாராவது செய்வாங்களா இதை?"

"ஏன், ஒழுங்கா வந்துகிட்டுதானே இருக்கு?"

"வர்ற வரைக்கும் வரும். ஒரு நாள் வராது. அன்னிக்கு அனுப்பினேன்னு அவங்க சொல்வாங்க, வரலைன்னு நீங்க சொல்வீங்க. ரெண்டு பேர்கிட்டயும் காட்ட ஒண்ணும் இருக்காது. கள்ள நோட்டு வந்தாக்கூட யார்கிட்ட போய்க் கேப்பீங்க? அந்தக் கவர் எத்தனை கை மாறி வருது!"

"எங்க தபால்காரத் தம்பி அப்படிப்பட்டவர் இல்லைம்மா."

"நான் அவரைச் சொன்னேனா?"

அக்கா பேச்சை மாற்றிவிட்டாள். பிடிவாதம் என்றால் அவளுடையது இரும்புப் பிடி.

அந்த நாட்கள் அவளுக்கு நன்றாக இருந்தன. வாரத்தில் பாதி நாட்கள் மணி அடிக்கும். தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு ஒரே நகைச்சுவையை விடாமல் சொல்வார்: "அக்கா, பொத்தான் வந்திருக்கு. சட்டை பின்னாடியே நடந்து வருதாம்." அக்கா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டவள் போல் சிரிப்பாள். கீழ் வீட்டில் இருந்த எனக்கே அது மனப்பாடம். அவர் கவரை விரலால் அழுத்திப் பார்த்து, "இது கோட்டுப் பொத்தான், நாலு ஓட்டை. நோட்டு பெருசா சின்னதான்னு சொல்லட்டுமா?" என்று விளையாடுவார். பிறகு முக்காலி, தண்ணீர், பேச்சு. மனைவிக்கு இரவு வேலை, மகள் நர்சிங் படிக்கிறாள், அந்தக் கட்டணத்துக்காக ஒருவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு விழி பிதுங்குகிறது, எல்லாம் சொல்வார். அக்கா சொல்வதற்கு அவள் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் கேட்டுக்கொள்வாள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கட்டடத்தில் சிலர் அப்படியும் மென்றார்கள். மெல்லுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்காத வாய்கள். அவர் அவளுக்குத் தம்பி, அவள் அவருக்கு அக்கா. அவர் வருகிற நேரத்துக்கு முன்னால் தலையை வாரிக்கொள்வாள், அது உண்மை. யாராவது வருவார்கள் என்றால்தானே தலை வாரத் தோன்றும்?

அப்புறம் கவர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஒன்று. அனுப்பிவிட்டேன் என்று ஒருவர் எழுதினார், வரவில்லை. போனால் போகட்டும் என்று அக்கா பொத்தானைச் சும்மா அனுப்பிவைத்தாள். அடுத்து இன்னொன்று. அதையும் முழுங்கிக்கொண்டாள். மூன்றாவதுதான் கழுத்தைப் பிடித்தது. நாடகக் குழு ஒன்றுக்கு உடை தைக்கிற அம்மாள், கடற்படை வேஷக் கோட்டுகளுக்காகப் பித்தளைப் பொத்தான்கள் கேட்டிருந்தாள். ஜாடியையே கவிழ்க்கிற அளவு பெரிய வியாபாரம். பணத்தையும் மாதிரியையும் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. கவர் வரவே இல்லை.

"உங்க கவர் இன்னும் எனக்கு வரலைம்மா" என்று அக்கா எழுதினாள்.

"பணத்தை எடுத்துக்கிட்டு வரலைன்னு சொல்றீங்களா?" என்று பதில் வந்தது. கூடவே கவருக்குப் பக்கத்தில் நோட்டுகளைப் பரப்பி எடுத்த படம் ஒன்று. அந்த நோட்டுகள் கவருக்குள் போனதையும் கவர் பெட்டிக்குள் போனதையும் எந்தப் படம் காட்டும்? இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருத்தியாலும் அதை நிரூபிக்க முடியவில்லை. உடைக்காரம்மாள் கடைப்பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டாள்: "ஏமாற்றுக்காரி. பணம் அனுப்பாதீர்கள்." அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து காறித் துப்பினார்கள். கிடங்கில் இருந்த காலம் முழுக்க ஒரு பொத்தான் குறைந்தது என்று சொல்லக் கேட்டதில்லை அக்கா. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் அவள் மனது அழுக ஆரம்பித்தது. சந்தேகம் வந்துவிட்டால் அது தின்பதற்கு ஏதாவது வேண்டுமே. இத்தனை நாள் பேசிய பேச்சு எல்லாம் அதற்குத் தீனியாயிற்று. நோட்டு பெரிதா சின்னதா என்று அழுத்திப் பார்ப்பாரே, அது விளையாட்டுத்தானா? வட்டிக்காரர் நெருக்குகிறார் என்றாரே? போன மாதம் கட்டணம் கட்டிவிட்டேன் என்றபோது முகம் ஏன் அப்படி மலர்ந்திருந்தது? ஒரு மனிதர் மனம் விட்டுச் சொன்னது அத்தனையும் அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது. மற்ற கவர்களைக் கொண்டுவந்தபோது அக்கா கதவைப் பாதி திறந்து கை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அவர் தன் சட்டை நகைச்சுவையைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் முக்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைப்பக்கத்துக்கு இடம் கொடுத்த இணையதளக்காரர்கள், தபால் துறையில் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டாவிட்டால் பக்கத்தை முடக்கிவிடுவோம் என்றார்கள். தங்கை மகள் மடிக்கணினியோடு வந்தாள். புகார்ப் படிவத்தின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கான்னு கேக்குது. இல்லைன்னே போட்டுடறேன்."

அக்கா ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இருக்குன்னு போடு."

"யாரு பெரியம்மா?"

"இங்க வேற யார் வர்றாங்க?"

காரணம் என்ன என்று அடுத்த கேள்வி. அவருக்குக் கடன் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். தங்கை மகள் ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதையும் அடித்தாள்.

மறுவாரமே தபால்காரர் வருவது நின்றது. அவருக்குப் பதிலாக வந்தது ஸ்கூட்டரில் பறக்கிற ஒரு இளம்பெண். அவளுக்கு மாடியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பெட்டிக்குள் நுழையாத கவர் என்றால், அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அந்தச் சீட்டோடு போன அக்காவை, நீங்கள்தானே புகார் கொடுத்தவர் என்று கேட்டு உள்ளே அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தார். பொத்தான்கள். கொம்புப் பொத்தான், சிப்பிப் பொத்தான், துணி சுற்றிய பொத்தான். நடுவில் ஒன்று, நங்கூரம் பொறித்த பித்தளை.

"எல்லாம் உங்களுக்கு வந்ததாத்தாம்மா இருக்கும். தபால் பிரிக்கற புது மிஷினுக்கு அடியில கிடந்துச்சு. கவர் தட்டையா இருந்தாத்தான் உருளையில போகும். உள்ள கெட்டியா எதையாவது வெச்சா மாட்டிக் கிழிஞ்சிடும்."

"கூட இருந்த பணம்?"

"கிழிஞ்சு விழுந்த நோட்டுல பேரா எழுதியிருக்கு? கேட்பாரில்லாத பணம்னு கணக்குல சேத்தாச்சு. இன்னாரோடதுன்னு காட்டினா வாங்கிக்கலாம். உங்களால காட்ட முடியுமா? சாதாரணத் தபால்ல காசு வைக்கக் கூடாதுன்னு வாசல்லயே ஒட்டியிருக்கோம். யாருமே படிக்கறதில்லை."

அக்காவுக்குக் காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. "அப்ப அந்தத் தம்பி?" என்று கேட்டாள்.

"அவர் மேல தப்பில்லைன்னு எழுதி முடிச்சாச்சு. இங்கேயே வரச் சொன்னோம். அவரா வேற ஏரியா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார்."

அன்று சாயங்காலம்தான் அக்கா முதன்முதலாக என் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நாளைக்கு உனக்கு லீவுதானே? அவரைப் பாக்கப் போகணும். தனியாப் போக எனக்குத் துணிச்சல் இல்லை" என்றாள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஒரே ஒரு லீவு நாள், அதிலும் ஒருத்தருடைய வயிற்றெரிச்சலைக் கேட்க வேண்டுமா? ஆனால் அவள் கையில் அந்தப் பித்தளைப் பொத்தானை இறுக்கி வைத்திருந்தாள். உள்ளங்கையில் நங்கூரம் பதிந்திருந்தது. சரி என்றேன்.

தபால் அலுவலகத்தில் அக்கா விசாரித்து வைத்திருந்த ஏரியாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். தாழ்ந்த கேட்டும் சின்னத் தோட்டமுமாக வரிசையாக வீடுகள் உள்ள தெரு. மாடிப்படியே இல்லாத பகுதி. முட்டிக்கு நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"என்னக்கா, இவ்வளவு தூரம்?"

பஸ்ஸில் வரும்போது அக்கா உதட்டை அசைத்து அசைத்துப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "மிஷின்ல மாட்டிடுச்சாம் தம்பி" என்று மட்டும் சொன்னாள். அழுதாள். அப்படி அழுகிற பெண்ணை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

"தெரியும்க்கா. விடுங்க. காசு காணோம்னா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ஆபீஸ்ல என் கடனைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டாங்க. யார்கிட்ட வாங்கினே, எப்பக் குடுத்தேன்னு. இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு முதல்ல எனக்குப் புரியலை. என் சம்சாரத்துக்கே தெரியாது அது. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. வந்துகிட்டுதானே இருந்தேன்."

"கேட்டிருந்தா என்ன தம்பி சொல்லியிருப்பீங்க?"

"எடுக்கலைன்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. இருந்தாலும் கேட்டிருக்கலாம்."

"பழைய இடத்துக்கே வந்துடுங்க தம்பி. நான் வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

"வேண்டாம்க்கா. வந்தா முக்காலியில உட்காருன்னு சொல்வீங்க. நானும் உட்காருவேன். அப்புறம் எதைப் பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது."

அவர் அடுத்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போனார். யாரோ கதவைத் திறந்து, "வாங்க வாங்க, இன்னிக்காவது எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. அவரும் ஏதோ சொன்னார். உள்ளே சிரித்தார்கள். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

உடைக்காரம்மாளுக்கு அக்கா பித்தளைப் பொத்தான்களை ஒரு காசு வாங்காமல் அனுப்பிவிட்டாள். கண்டெடுத்த மாதிரிப் பொத்தானையும் சேர்த்து வைத்து, நடந்ததை எழுதினாள். அந்த அம்மாள் பழியை நீக்கினாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தங்கை மகள் மறுபடி வங்கிக் கணக்கை இணைத்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் இப்போது பொத்தானைப் படமெடுத்துத்தான் அனுப்புகிறார்கள். பணம் சிந்தாமல் சிதறாமல் வந்து சேருகிறது. போன் டிங் என்பது கீழே எனக்கே கேட்கிறது.

சாயங்காலங்களில் சில நாள் நான் மேலே போகிறேன். பேச எனக்கு ஒன்றும் இருக்காது. பல்வலிக்காரர்களின் கதைகளையே சொல்லி வைப்பேன். மணியை அடித்தவுடன் அக்கா கதவைத் திறந்துவிடுகிறாள், தலை வாரியிருக்கிறாள். திறந்ததும் என்னைத் தாண்டி மாடிப்படியை ஒரு தரம் பார்க்கிறாள். பிறகுதான் வா என்கிறாள். நான் ஒருத்தி மனுஷி நிற்கிறேனே என்று எனக்குச் சுருக்கென்று இருக்கும். வாயைத் திறக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.